கத்தரி கோட்டைக்குப் போன கதை

திருவல்லிக்கேணி
ஞாயிறு இரவு

டேய் மாப்ளே,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. திட்டுவதை நேரில் வந்து திட்டு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சீரியல் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

விஷயம் நம்ம கத்தரியைப் பற்றி. எம்.எல்.ஏ. ஆனதிலிருந்து அவன் வீட்டு வாசலில் செருப்பு விட இடமில்லை. நாங்கள் நடத்தும் பேட்டைப் பத்திரிகையை என் தலையில் கட்டிவிட்டான். ஆனால் கடைசிப் பக்கத்தின் அடியில் 'ஆசிரியர்' என்று இன்னும் அவன் பெயர்தான். "மாத்திடலாம், இரு" என்கிறான், நாலு மாதமாக.

போன வாரம் கரையான் அரித்த பழைய காகிதக் கட்டைப் பிரித்தேன். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் அவன் எழுதிய வடிகால் தலையங்கத்தின் அச்சுப் புரூஃப் கிடைத்தது. நான் 'விரைவில்' என்று விட்டுவைத்ததைச் சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில் 'எந்தத் தேதி?' என்று எழுதியிருக்கிறான். இந்த வாரம் அவன் அலுவலகத்திலிருந்து வந்த அறிக்கையில் எண்ணிப் பார்த்தேன்: நாலு 'விரைவில்'. அதே தெருவில் அதே பள்ளம், மேலே ஒரு பலகை. நேற்று ஒரு கிழவர் ஸ்கூட்டரோடு விழப் பார்த்தார்.

அந்தத் தலையங்கத்தை அப்படியே திரும்பப் போடப்போகிறேன் என்று போனில் சொன்னேன். சிரித்தான். உடனே பழைய பாட்டு. அண்ணா 1942ல் 'திராவிட நாடு' தொடங்கினார், 1967ல் முதலமைச்சர். ஆதித்தனார் அதே 1942ல் 'தினத்தந்தி', அதே 1967ல் சபாநாயகர். கலைஞரின் 'முரசொலி'யும் 1942தான். "பத்திரிகைக்காரன் கோட்டைக்குப் போனா என்னடா தப்பு?"

போனது தப்பில்லை மாப்ளே. அண்ணா 'தம்பிக்கு' என்று எழுதியபோது அது எந்தக் கட்சிப் பத்திரிகை என்று காசு கொடுத்து வாங்கினவனுக்குத் தெரியும். நம்முடையது எட்டுப் பக்கம், இலவசம், பாத்திரக்கடை விளம்பரத்தில் ஓடுவது. வாசலில் வந்து விழுந்ததை நம்பிப் படித்தார்கள். கத்தரிக்கு ஓட்டுப் போட்டதும் அந்த நம்பிக்கையில்தான். எனக்கு உறுத்துவது அதுதான். பிரச்சாரத்தில் அவனுக்கு நோட்டீஸ் திருத்திக் கொடுத்தவனும் நான்தானே!

கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இந்த ஒரு வாரம் வேணாம்டா" என்றான். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வியாழன் ராத்திரிக்குள் போன் பண்ணு. போடாதே என்று சொல்வதானால் காரணம் சொல். தலையங்கம் அவன் எழுதியது, ஆசிரியர் பெயரும் அவனுடையது. என்னை யார் கேட்பது?

உன்,
ஒற்றுப்பிழை