தப்போசையை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள உங்கள் அனைவருக்கும்,

நம் மலையகத் தோட்டத்துக் காமன் கூத்தின், அதாவது மாசியில் ஆடும் மன்மதன்–ரதி கதைக் கூத்தின், பதிவுகள் மறுபடியும் முழுசாகக் கேட்கின்றன. தப்பு மேளத்தின் அடி நெஞ்சில் விழுகிறது. உருமியின் இழுப்பு தெரிகிறது. மன்மதன் எரிந்தபின் ரதிக்காக ஒப்பாரி பாடும் பெரியவரின் தொண்டைக் கரகரப்புகூடத் தப்பவில்லை. இதற்காக மெனக்கெட்ட நீங்கள் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் கொழும்பிலும் ஆளுக்கொரு பக்கம் இருக்கிறீர்கள். தனித்தனியாக நன்றி சொல்லியாயிற்று. ஆனாலும் ஊரறியச் சொன்னால்தான் என் மனம் ஆறும்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்தியதால், பதிவுகள் இருக்கும் லெப்டொப்பில் பழைய விண்டோஸை அழித்துவிட்டு விண்டோஸ் 11 போட்டோம். மற்றதெல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. சத்தம் மட்டும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிட்டது. ஒரு கடையில் ஸ்பீக்கர் பழுது, மாற்ற வேண்டும் என்றார்கள்.

மாற்றாமல் தடுத்தது ஹட்டனில் ஃபோன் திருத்தும் தம்பி. “ஸ்பீக்கரைக் கழற்ற வேணாம் அக்கா, நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு” என்று சொல்லி, அதே பாட்டை என் ஃபோனில் ஏற்றி, அதே வயர் ஹெட்போனை மாட்டிக் கேட்க வைத்தார். ஃபோனில் அருமையாக இருந்தது. லெப்டொப்பில் மாட்டினால் சோகையாக இருந்தது. ஃபைலிலும் குறையில்லை, குறை ஸ்பீக்கரோடு நிற்கவும் இல்லை என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. வியாபாரம் செய்ய வந்த வாய்ப்பை விட்டுவிட்டு உண்மையைச் சொன்னீர்களே தம்பி, அதை நான் மறக்கமாட்டேன்.

அடுத்து, பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கும் சேர். ஃபோனிலேயே வழிசொல்லி கணினியின் பாகங்களைப் பட்டியல் போட்டுக் காட்டும் டிவைஸ் மெனேஜரைத் திறக்கச் சொன்னார். சத்தத்துக்கான சிப்பைச் செய்த ரியல்டெக் கம்பெனியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஹை டெஃபினிஷன் ஓடியோ டிவைஸ்’ என்று பொதுப் பெயர் நின்றது. அது விண்டோஸோடு கூடவே வரும் பொது டிரைவர், அதாவது கணினியின் பாகத்தை இயக்கும் சின்ன சொஃப்ட்வெயர். பெரும்பாலான லெப்டொப்களில் ஏதோ ஒரு சத்தத்தைக் கொடுத்துவிடும். லெப்டொப்பின் சின்ன ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும் அடிச்சத்தத்தைத் தூக்கிக் கொடுக்க லெப்டொப்பைச் செய்த கம்பெனி பார்த்துப் பார்த்து அமைத்த சீரமைப்பு, பெரும்பாலும் அந்தக் கம்பெனி தரும் டிரைவரோடுதான் வரும். விண்டோஸைப் புதிதாகப் போட்டபோது அது போய்விட்டது. சத்தமே வராமல் இருந்திருந்தால் டிரைவர் இல்லை என்று யாரும் உடனே சொல்லியிருப்பார்கள். அரைகுறையாக வந்ததால்தான் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சேர், வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் பொறுமையாக விளக்கினீர்கள். மிக்க நன்றி.

எங்கள் லயத்து வரிசை வீடுகள் பக்கம் சிக்னல் நிற்பதில்லை. லெப்டொப்பின் அடியில் ஒட்டியிருந்த நம்பரை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். தலவாக்கலையில் இருக்கும் தம்பி, கம்பெனியின் சொந்தத் தளத்திலேயே அந்த மொடலுக்குரிய டிரைவரைத் தேடி எடுத்து, பென் டிரைவில் போட்டு, மழையோடு மழையாகக் கொண்டுவந்து கொடுத்தார். வேறு தளங்களில் ‘டிரைவர் தருகிறோம்’ என்று வருவதைத் தொடவே வேண்டாம் என்று அவர் எச்சரித்ததும் நல்ல புத்தி. போட்டு, ரீஸ்டார்ட் செய்தோம். தப்போசை திரும்பி வந்தது.

இதற்கெல்லாம் முன்னால், நான் மிகப் பெரிதாக நினைக்கும் உதவி ஒன்று நடந்தது. சத்தம் மெலிந்திருந்த நாட்களில், சொஃப்ட்வெயரில் பேஸை, அதாவது அடிச்சத்தத்தை, கூட்டி எல்லாப் பதிவுகளையும் சரிசெய்து சேமித்துவிடலாம் என்று எங்கள் குழுவில் ஒரு பேச்சு வந்தது. கோயில் திருவிழாக்களுக்கு சவுண்ட் செட் போடும் அண்ணன்தான் வேண்டவே வேண்டாம் என்று நின்றார். கேட்கிற இடத்தில் குறை இருக்கும்போது பாட்டைத் திருத்தினால், நல்ல ஸ்பீக்கரில் போடும் அன்றைக்குத் தப்போசை பாடுபவரின் குரலை விழுங்கிவிடும். சத்தத்தின் உச்சிகள் வெட்டுப்பட்டுச் சேமித்துவிட்டால் பிறகு யாராலும் முழுமையாக மீட்க முடியாது என்றார். அந்தப் பதிவில் பாடியவர்களில் சிலர் இன்று நம்மோடு இல்லை. அண்ணே, உங்கள் பிடிவாதத்தால்தான் அவர்கள் குரல் பாடியது பாடியபடி இருக்கிறது.

கொழும்பிலிருக்கும் அக்காவுக்கும் நன்றி. சூமில் பதிவுகளைச் சேர்ந்து கேட்டபோது அவருடைய புளூடூத் ஹெட்செட்டில் சத்தம் மறுபடி சுருங்கியது. அது வேறு காரணம். ஹெட்செட்டின் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தினால் அது ஹேண்ட்ஸ் ஃப்ரீ முறைக்கு மாறி, ஸ்டீரியோ போய், ஃபோன் பேச்சுத் தரத்துக்கு இறங்கிவிடுகிறது. மைக்கை லெப்டொப்பின் சொந்த மைக்குக்கு மாற்றினால் போதும் என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார்.

விண்டோஸை மாற்றப் போகிறவர்கள், உங்கள் மொடலுக்குரிய ஓடியோ டிரைவரை முன்கூட்டியே பென் டிரைவில் எடுத்து வையுங்கள். தோட்டப் பக்கம் இருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

திருத்தாத மூலப் பதிவுகளின் பிரதி உங்கள் ஒவ்வொருவருக்கும் வந்து சேரும். மாசியில் காமன் ஊன்றிக் கூத்துத் தொடங்கும்போது குடும்பத்தோடு வாருங்கள். சவுண்ட் செட் அண்ணன்தான் போடுகிறார்.

நன்றியுடன்,
உங்கள் அக்கா, உங்கள் தங்கச்சி