சிதைக்காத சோதனைக்குப் பச்சை முத்திரை குத்துகிறவர்களுக்கு

வணக்கம். உணவுத் தரச் சோதனை முறைகள் சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு நல்லவை என்று நிலைத்தன்மை மதிப்பெண் போடுகிற குழுக்களுக்கு இந்த மடல்.

மாதிரியை வெட்டவில்லை, அமிலம் ஊற்றவில்லை, உணவை அப்படியே வைத்து ஒளியாலோ கேமராவாலோ பார்க்கிற சிதைக்காத சோதனை, அதனால் இது பசுமையான முறை என்கிறீர்கள். பாதி சரிதான். 1883-இல் வந்த கெல்டால் முறையில் தானியத்தின் புரதத்தைப் பார்க்க, அரைத்த மாவைச் செறிந்த கந்தக அமிலத்தில் போட்டு 400 டிகிரி செல்சியஸை ஒட்டிக் காய்ச்ச வேண்டும், அப்புறம் வடிக்க வேண்டும், அப்புறம் துளித்துளியாகக் கரைசல் சொட்டவிட்டு அளவு காண வேண்டும். அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் அதே எண் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது, தானியமும் அப்படியே இருக்கிறது. யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனால் புரதம் எவ்வளவு என்று அந்தக் கருவிக்குக் கற்றுக்கொடுத்தது யார்? பல இடங்களில் அதே கெல்டால்தான். ஏகப்பட்ட மாதிரிகளை அமிலத்தில் கரைத்து எடுத்த எண்களை வைத்துத்தான் கேலிப்ரேஷன், அதாவது கருவியின் அளவைச் சரியான எண்ணோடு பொருத்துவது, நடக்கிறது. ரகம் மாறினால், விளைச்சல் பருவம் மாறினால், சில சமயம் கருவியின் விளக்கை மாற்றினால்கூட மறுபடியும் கொஞ்சம் கரைக்க வேண்டும். அந்தக் கழிவுக் கேன் உங்கள் கணக்கில் எங்கே? பல லட்சம் சோதனைகளுக்குப் பங்கு போட்டால் அது ஒன்றுமே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். இரண்டாயிரம் சோதனையோடு மூலையில் தூங்கப்போகிற கருவிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஐஎஸ்ஓ 14040 என்ற சர்வதேசத் தரநிலை சொல்கிற வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு மூலப்பொருளில் தொடங்கிக் கழித்துக்கட்டுவது வரை போகிறது, நீங்களோ சுவிட்ச் போட்ட நேரத்தை மட்டும் பார்க்கிறீர்கள். இண்டியமும் காலியமும் ஆர்சனிக்கும் சேர்ந்த உணரி, மீக்கடத்திக் காந்தம் வைத்த காந்த ஒத்ததிர்வுக் கருவி என்றால் அந்தக் காந்தத்தைக் குளிர்விக்கத் திரவ ஹீலியம், இதெல்லாம் சும்மா வரவில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. கேமராவால் பார்த்துத் தரம்பிரிக்கும் இயந்திரம் ஒதுக்கிய பழம் எங்கே போகிறது என்று நீங்கள் கேட்பதே இல்லை. சாறு பிழியப் போனால் நல்லது. குப்பைக்குப் போனால், முன்பு யார் கண்ணிலும் படாமல் விற்றுப்போன சின்னப் புள்ளியையெல்லாம் பிடிக்கிற கூர்மையான கேமரா வீணடிப்பைக் கூட்டத்தான் செய்யும். ஒரு கிலோ பழத்தை விளைவிக்கச் செலவாகும் தண்ணீரும் உரமும் எரிபொருளும் எங்கே, அதைப் படம்பிடிக்கிற மின்சாரம் எங்கே! நல்லதைக் கெட்டதென்று ஒதுக்கிய பிழை எத்தனை, கெட்டதை விட்ட பிழை எத்தனை என்பதை முதலில் எண்ணுங்கள், வாட் கணக்கு அப்புறம் பார்க்கலாம்.

அடுத்த மதிப்பீட்டுப் படிவத்தில் கேலிப்ரேஷன் கழிவுக்கு ஒரு கட்டம், ஒதுக்கிய சரக்கின் கதிக்கு ஒரு கட்டம் போடுங்கள். அளக்காதவர்கள் "அளக்கவில்லை" என்று எழுதட்டும், பூஜ்யம் என்று எழுத விடாதீர்கள்.