‘ஓரமாப் போ’ என்பவர்களுக்கு ஒரு பதில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சைக்கிளில் வருகிறவர்கள் சாலை ஓரத்தைவிட்டு நகரவே கூடாது, மீறி நடுவில் வந்தால் அபராதம் போட வேண்டும் என்று வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். தினமும் காரில் வேலைக்குப் போகிறவர் என்பது எழுத்திலேயே தெரிந்தது. அவர் கோபத்தை நான் குறை சொல்லவில்லை. பேருந்து, லாரி என்று கனரக வண்டி ஓட்டியே பிழைத்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு எங்கே போவதானாலும் சைக்கிள்தான். அவர் நினைக்கிற மாதிரி ஓரம் என்பது சைக்கிளுக்கென்று ஒதுக்கிவைத்த பத்திரமான இடமில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கார் கண்ணாடி வழியே பார்த்தால் சாலையின் நடுவும் ஓரமும் ஒரே தார்தான். சைக்கிளில் உட்கார்ந்து பாருங்கள். வண்டிகள் ஓடி ஓடிச் சுத்தமாகிற தடம் நடுவில் இருக்கிறது. அங்கிருந்து தெறிக்கிற சல்லி, மணல், கண்ணாடிச் சில்லு, ஆணி எல்லாம் வந்து சேர்கிற இடம் ஓரம். மழைத் தண்ணீர் தேங்குவதும் அங்கேதான். அடியில் பள்ளம் இருக்கிறதா என்பது இறங்கிய பிறகுதான் தெரியும். போதாததற்கு, தாரின் மேல் தாராகப் போட்டுக்கொண்டே போனதில் தார் முடிந்து மண் தொடங்குகிற இடத்தில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு படி. கார் டயருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒன்றரை அங்குல சைக்கிள் டயர் அதிலிருந்து கீழே இறங்கிவிட்டு மறுபடி ஏறப் பார்த்தால், படியை உரசிக்கொண்டே ஓடும். சக்கரம் மேலே வராது, உடம்பு மட்டும் வலப்பக்கம் சாயும். வலப்பக்கம் என்ன வந்துகொண்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. சைக்கிளானாலும் மோட்டார் சைக்கிளானாலும், ஓடிக்கொண்டிருக்கும்போது வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் முன்சக்கரம் முதலில் ஒரு கணம் இடப்பக்கம் போகும். அப்போதுதான் வண்டி வலப்பக்கம் சாயும், சாய்ந்த பிறகுதான் திரும்பும். உடம்பு தானாகச் செய்துவிடுவதால் ஓட்டுகிறவருக்கே தெரிவதில்லை. ஆக, இடது விளிம்பை ஒட்டிப் போகிறவர் அந்த விளிம்பைவிட்டு விலகுவதற்குக்கூட, முதலில் விளிம்பின் பக்கம் கொஞ்சம் போயாக வேண்டும். அந்தக் கொஞ்ச இடம்கூட இல்லையென்றால், பார்த்துக்கொண்டே பள்ளத்தில் போய் இறங்க வேண்டியதுதான்.

நிறுத்தி வைத்த கார்களும் ஓரத்தில்தான் நிற்கின்றன. உள்ளே ஆள் இருக்கிறாரா என்பது பின்னாலிருந்து வருகிற எனக்குத் தெரியாது. சட்டென்று கதவு திறந்தால் அதன் விளிம்பு நேராக என் ஹேண்டில்பார் உயரத்துக்கு வந்து நிற்கும். இதற்கு நெதர்லாந்துக்காரர்கள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். கதவுக்குப் பக்கத்திலிருக்கிற கையால் திறக்காமல் தள்ளியிருக்கிற கையால் திறப்பது. வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிற ஓட்டுநர் இடக் கையை நீட்டித் திறந்தால் தோள் திரும்பும், கண்ணும் கூடவே பின்பக்கம் போகும். 2022 ஜனவரியில் பிரிட்டன் தன் சாலை விதிக் கையேட்டைத் திருத்தியபோது இதையும் சேர்த்துக்கொண்டது. காசு செலவில்லை, கருவி தேவையில்லை. வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்றைக்கே சொல்லிக்கொடுக்கலாம்.

சரி, குப்பை, படி, கார்க் கதவு எதுவுமே இல்லாத நல்ல ஓரம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது ஓரமாகப் போனால் காருக்கு வழி கிடைக்குமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வரிசை வண்டி போகிற தடத்தின் (லேன்) அகலம் மூன்றரை மீட்டர். என் ஹேண்டில்பார் 60 செ.மீ. விளிம்பிலிருந்து வெறும் 30 செ.மீ. மட்டும் விட்டு நான் போகிறேன். ஆக 90 செ.மீ. போயிற்று. என்னைத் தாண்டுகிற வண்டி ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்றால் 2.4 மீட்டர் காலி. மீதி 1.1 மீட்டரில் மோட்டார் சைக்கிள் போகும். 1.8 மீட்டர் கார் எப்படிப் போகும்? இரண்டரை மீட்டர் பேருந்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். நான் எவ்வளவுதான் ஒதுங்கினாலும் கார் அடுத்த தடத்துக்குள் போய்த்தான் தாண்ட வேண்டும். எப்படியும் அங்கே போகப்போகிறவருக்கு நான் விளிம்பில் இருந்தால் என்ன, ஒரு மீட்டர் உள்ளே தள்ளி இருந்தால் என்ன? நான் ஒட்டி ஒதுங்குவதால் நடப்பது ஒன்றே ஒன்றுதான்: ‘இந்தச் சந்துக்குள்ளேயே நுழைந்துவிடலாம்’ என்று பின்னால் வருகிறவருக்கு ஆசை வருகிறது.

அந்த ஒன்றரை மீட்டர் என் சொந்தக் கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம். நான் சொன்ன அதே பிரிட்டன் கையேடு, மணிக்கு 30 மைல் வரை போகிற வண்டி சைக்கிளைத் தாண்டும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் விடச் சொல்கிறது, வேகம் கூடினால் இன்னும் அதிகம். ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர். பிரான்சில் ஊருக்குள் ஒரு மீட்டர், வெளியே ஒன்றரை. அதைவிட முக்கியம், நடமாட்டம் குறைந்த தெருவிலும், வண்டிகள் ஊர்ந்து போகிற இடத்திலும், சாலை குறுகுகிற இடத்திலும், சந்திப்பை நெருங்கும்போதும் சைக்கிளைத் தடத்தின் நடுவிலேயே ஓட்டுங்கள் என்று பிரிட்டன் கையேடு சைக்கிள்காரர்களுக்கே சொல்கிறது. வாசகர் அபராதம் கேட்கிற அதே காரியம்தான்.

‘அப்படியானால் நாங்கள் உங்கள் பின்னாலேயே ஊர்ந்துகொண்டு வர வேண்டுமா?’ என்பார். எவ்வளவு நேரம் என்று பார்ப்போமே. நூறு மீட்டர் தூரத்தை மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் நான் கடக்க 24 விநாடி. 40 கி.மீ. வேகத்தில் அவர் கடக்க 9 விநாடி. எதிரே வழி கிடைக்கும்வரை நூறு மீட்டர் என் பின்னால் வந்தால் அவருக்கு நஷ்டம் 15 விநாடி. அடுத்த சிவப்பு விளக்கில் நான் அவர் பக்கத்தில் போய் நிற்கப்போகிறேன், அது வேறு விஷயம்.

ஹாரன் பற்றியும் ஒரு வார்த்தை. தூரத்தில் வரும்போதே லேசாக ஒருமுறை அடித்தால் உதவி. முதுகுக்குப் பின்னால் வந்து ஏர் ஹாரனை அலறவிட்டால் மனிதன் என்ன செய்வான்? திடுக்கிட்டு வலது தோள் வழியே திரும்பிப் பார்ப்பான். தலை திரும்பினால் தோள் திரும்பும், கையும் கூடவே போகும், சைக்கிள் வலப்பக்கம் ஓர் அடி வரும். ‘ஹாரன் அடித்தேன், உள்ளே வந்துவிட்டான்’ என்று ஓட்டுநர்கள் சொல்வதை எத்தனையோ டீக்கடைப் பேச்சில் கேட்டிருக்கிறேன். அடித்ததால்தான் வந்தான் ஐயா! வண்டி பெரிதாக இருந்தால் காற்றும் சேர்ந்துகொள்ளும். வேகமாகத் தாண்டுகிற பேருந்தின் முகப்பு காற்றை வெளியே தள்ளும், பின்பகுதி கடக்கும்போது அதே காற்று உள்ளே இழுக்கும். முதலில் தள்ளியதற்கு எதிர்ப்புறம் சாய்ந்து சமாளித்துக்கொண்டிருக்கிறவனை அடுத்த விநாடி அதே பக்கம் இழுத்தால் எங்கே போவான்? பின்சக்கரங்கள்தான் அங்கே இருக்கின்றன.

இனி என் பழைய இருக்கையிலிருந்து சைக்கிள்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது. கனரக வண்டியின் இடப்பக்கத்துச் சந்தில் நுழையாதீர்கள், முக்கியமாக சிக்னலில். உயரமான இருக்கையில் இருக்கிற எங்களுக்கு முன்பக்கக் கண்ணாடிக்கு நேர் கீழேயும் இடது முன் கதவை ஒட்டியும் ஒன்றும் தெரியாது. ஓர் ஆள் சைக்கிளோடு அங்கே நின்றால் தலைகூடத் தெரியாமல் போகலாம். கண்ணாடியைப் பார்த்த கணத்தில் நீங்கள் இல்லை, பார்வையை எடுத்த கணத்தில் வந்து நின்றிருப்பீர்கள். நீள வண்டி இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, அதைவிட உள்ளே வெட்டிக்கொண்டு வரும். முன்பாதி கடந்துவிட்டது, இடம் இருக்கிறது என்று நீங்கள் நினைக்கிற அந்த இடம் சுருங்கிக்கொண்டே வந்து கடைசியில் இல்லாமலே போய்விடும். லாரிக்குப் பின்னால் நில்லுங்கள், அல்லது ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நன்றாக முன்னால் தள்ளி நில்லுங்கள். பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

லண்டனில் இதை ஓட்டுநர், சைக்கிள்காரர் இருவர் தலையிலும் கட்டிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில், இருக்கையிலிருந்து கண்ணாலேயே நேராக எவ்வளவு தெரிகிறது என்று அளந்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். 2021 மார்ச்சிலிருந்து அனுமதி இல்லாமல் அந்த லாரிகள் நகருக்குள் ஓட முடியாது. 2024 அக்டோபரிலிருந்து 3 நட்சத்திரத்துக்குக் குறைந்தவை கூடுதல் பாதுகாப்புக் கருவிகள் பொருத்தியாக வேண்டும். என் காலத்தில் அப்படி அளந்திருந்தால் நான் ஓட்டிய வண்டிகள் எத்தனை நட்சத்திரம் வாங்கியிருக்கும் என்று யோசித்துப் பார்ப்பதுண்டு. சிரிப்புத்தான் வரும்.

எதிர்த்திசையில் வருகிற சைக்கிள்காரர்களை நான் ஆதரிக்கவே மாட்டேன். ‘எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியும், அதுதான் பத்திரம்’ என்று வியாக்கியானம் வேறு. 50-இல் வருகிற காரும் 15-இல் போகிற சைக்கிளும் ஒரே திசை என்றால் நெருங்குகிற வேகம் 35. எதிர்த்திசை என்றால் 65. அதோடு, குறுக்குத் தெருவிலிருந்து இடப்பக்கம் திரும்பி வெளியே வருகிற ஓட்டுநர் வண்டிகள் வருகிற வலப்பக்கத்தை மட்டும்தான் பார்ப்பார். இடப்பக்கமிருந்து நீங்கள் வந்தால் அவருக்கு நீங்கள் இல்லவே இல்லை. இரவில் விளக்கில்லாமல் வருகிறவர்களுக்கும் இதே கதிதான். பின்னால் ஒரு சிவப்பு விளக்கு கட்டாயம் வேண்டும். பெடலில் இருக்கிற மஞ்சள் ரிஃப்ளெக்டரை உடைந்தால் மாற்றுங்கள், கழற்றி எறியாதீர்கள். அசையாமல் மின்னுகிற சிவப்புப் பொட்டு எதுவாகவும் இருக்கலாம். மேலும் கீழுமாக மாறி மாறி மின்னுகிற இரண்டு மஞ்சள் பொட்டைப் பார்த்தால் மனிதன் மிதிக்கிறான் என்று தூரத்திலேயே புரிந்து கால் தானாக பிரேக்குக்குப் போகும். இது ஓட்டுநராக நான் அனுபவித்தது.

வாசகர் கடைசியாக ஒரு வரி சேர்த்திருந்தார்: சாலை வரி கட்டாதவர்களுக்குச் சாலையில் என்ன உரிமை என்று. லாரிக்காரனிடம் கேட்கக் கூடாத கேள்வி இது. சாலையைத் தின்பது ஆக்சில் மேல், அதாவது சக்கரங்களைத் தாங்குகிற அச்சின் மேல், இறங்குகிற பாரம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை சோதனைச் சாலைகள் போட்டு அவற்றில் லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். ஆக்சில் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு ஆகிற சேதம் ஏறக்குறைய 16 மடங்காகிறது என்கிற கணக்கு அதிலிருந்து வந்தது. பாரம் கூடிய மடங்கை நான்கு முறை போட்டுப் பெருக்குகிற கணக்கு: 2×2×2×2. அதன்படி பார்த்தால் ஆளோடு சேர்த்து நூறு கிலோ தாண்டாத என் சைக்கிளுக்கு வரி போடுகிற அளவுக்குச் சில்லறை இன்னும் அச்சடிக்கப்படவில்லை.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். சாலை ஓரத்து மழைநீர் வடிகால் மூடிகளில் பல இடங்களில் கம்பிகள் போக்குவரத்து போகிற திசையிலேயே நீளவாக்கில் இருக்கின்றன. சைக்கிள் சக்கரம் இரண்டு கம்பிகளுக்கு நடுவே அப்படியே இறங்கி நின்றுவிடும், ஓட்டியவர் நிற்க மாட்டார். மூடி சதுரமாக இருந்தால் கழற்றிக் கால்வட்டம் திருப்பிப் போட்டால் போதும். நீளமாக இருந்தால் குறுக்கே இரண்டு பட்டை வைத்து வெல்டிங் அடிக்க வேண்டும். பொறுப்பான துறையினர் இதைச் செய்யும்படி தங்கள் செய்தியாளர் மூலம் ஒருமுறை கேட்டு எழுதுங்கள். அதுவரை அந்த மூடிகள் வருகிற இடத்தில் நான் தடத்தின் நடுவில்தான் வருவேன் என்பதை வாசகருக்கும் தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கனரக வாகன ஓட்டுநர் ஒருவர்