பூட்டு பிறகுதான் வருகிறது

அன்புள்ள செல்வம்,

கடிதம் வந்தது. பேத்தி பிறந்த செய்தி படித்து மகிழ்ந்தேன், தாயும் சேயும் நலமாக இருக்கட்டும்.

டிஎன்ஏவில் மெத்தில் என்னும் சிறு வேதிக்குறி ஏறுவதால் மரபணு அடங்குகிறதா, அடங்கியதில் மெத்தில் ஏறுகிறதா என்று உன் மாணவி கேட்டாளாமே, நல்ல கேள்வி. வளரும் கருவில் பெரும்பாலும் இரண்டாவதுதான் என்பேன்.

சுண்டெலியின் தொடக்கக் கருவில் இயங்கும் ஆக்ட்4 மரபணுவை எடுத்துக்கொள். கரு கருப்பையில் பதிந்தபின் அந்த மரபணுவின் முகப்பில், அதாவது அதை இயக்கும் தொடக்கப் பகுதியில், முதலில் அடக்கிப் புரதங்கள் வந்து உட்காரும். அடுத்து ஜி9ஏ நொதி, டிஎன்ஏ சுற்றியிருக்கும் எச்3 ஹிஸ்டோன் புரதத்தின் 9ஆம் லைசினில் (ஓர் அமினோ அமிலம்) குறியிடும். டிஎன்எம்டி3ஏ, 3பி நொதிகள் இரண்டும் வந்து டிஎன்ஏவின் சைட்டோசின் எழுத்தில் மெத்தில் ஏற்றுவது கடைசியில்தான். இவ்விரண்டும் இல்லாத செல்லிலும் ஆக்ட்4 அடங்கும், ஆனால் ஸ்டெம் செல்லாக வளர்த்த பழைய வளர்ப்பு ஊடகத்துக்கு மாற்றினால் மறுபடி விழித்துக்கொள்ளும். பெண் செல்லில் அடங்கிப்போகும் எக்ஸ் குரோமோசோமிலும் இதே கதைதான்: எக்ஸிஸ்ட் ஆர்என்ஏ முதலில் அடக்கும், மெத்தில் பிறகு வந்து பூட்டும்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. எச்3இன் 4ஆம் லைசினில் மெத்தில் இருந்தால் டிஎன்எம்டி3 அங்கே ஒட்டாது. இயங்கும் முகப்புகளில் அந்தக் குறி இருக்கும். அது கலைந்த பிறகே வழி திறக்கிறது. ஒருமுறை ஏறிவிட்டால், செல் பிரியும்போதெல்லாம் ஓர் இழையில் மட்டும் மெத்தில் உள்ள டிஎன்ஏவை யுஎச்ஆர்எஃப்1 புரதம் அடையாளம் காட்ட, டிஎன்எம்டி1 நொதி மறு இழையில் நிரப்பும். டிஎன்எம்டி1 பழுதான எலிக் கருக்கள் பாதி வளர்ச்சியிலேயே இறந்துவிடுகின்றன என்று 1992இல் காட்டினார்கள்.

விதிவிலக்கையும் அவளிடம் சொல். பெற்றோர் முத்திரை பதித்த, அதாவது தாய், தந்தை பிரதிகளில் ஒன்று மட்டும் இயங்கும், மரபணுக்களில் மெத்தில்தான் முடிவெடுக்கிறது. தந்தைவழி எச்19 பகுதியில் அது, ஒட்டினால் அருகிலுள்ள ஐஜிஎஃப்2 மரபணுவை அடைத்துவிடும் சிடிசிஎஃப் புரதத்தை ஒட்டவிடாமல் தடுப்பதால்தான் ஐஜிஎஃப்2 இயங்குகிறது. மெத்தில் என்றாலே அடக்கம் என்று பாடத்தில் எழுதுவது எனக்கு உறுத்துவது இதனால்தான்.

மெத்தில் இல்லாத சைட்டோசினை மட்டும் யுராசிலாக மாற்றிக் காட்டும் பைசல்ஃபைட் சோதனையில் அவள் கவனிக்க வேண்டியது: டிஎன்ஏ இழைகள் முழுதாகப் பிரியாவிட்டால் சைட்டோசின் யுராசிலாக மாறாமல் நின்று, மெத்தில் இருப்பதுபோலக் காட்டும். மெத்தில் மிகக் குறைந்திருக்கும் பிளாஸ்டோசிஸ்டில் (கருப்பையில் பதியுமுன் உள்ள கரு) 2% பிழைகூட முடிவைக் கெடுத்துவிடும். மெத்தில் இல்லாத லாம்டா டிஎன்ஏ (ஒரு வைரஸின் டிஎன்ஏ) சிறிதளவு கலந்து, அதில் மாற்றம் 99 சதவீதத்துக்குக் குறைந்தால் மாதிரியை ஒதுக்கச் சொல். இன்னொரு பொறி, கருவுற்ற முட்டையில் தந்தையின் டிஎன்ஏ. டெட்3 நொதி அங்கே மெத்திலை ஹைட்ராக்சிமெத்திலாக மாற்றுகிறது. பைசல்ஃபைட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். பிரித்தறிய, டிஎன்ஏவை முதலில் ஆக்சிஜனேற்றம் செய்யும் பைசல்ஃபைட் முறை வேண்டும்.

அவள் தரவு வந்ததும் லாம்டா எண்ணையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
முருகேசன்