போஸ்ட்டாக் தேடும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

தீசிஸ் கொடுத்துவிட்டாய் என்று தெரிந்ததிலிருந்து அம்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. அடுத்து புற்றுநோய் ஆராய்ச்சியில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிறகான ஆராய்ச்சிப் பயிற்சி வேலைக்கு, எங்கே போகலாம் என்று கேட்டிருந்தாய். நோயைக் கண்டறிய எடுத்த பயாப்சித் திசுக்களை மெழுகில் பதித்து, மெல்லிதாகச் சீவி ஸ்லைடில் ஏற்றியவன் நான். ஆராய்ச்சி செய்யாவிட்டாலும், பயிற்சிக்குப் போய் வந்த பல டாக்டர்களைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: நிறுவனத்தின் பெயரைவிட, யாரிடம் வேலை செய்யப் போகிறாய் என்பதைப் பார்.

பெதஸ்டாவில் உள்ள அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் நல்ல இடம்தான். நம்மைப் போன்ற வெளிநாட்டவர்களை அங்கே விசிட்டிங் ஃபெலோவாக எடுக்கிறார்கள். ஆய்வகச் செலவை அரசே ஏற்பதால், ஆய்வகத் தலைவர் எந்நேரமும் நிதி கேட்டு கிரான்ட் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களுடைய புற்றுநோய்த் தடுப்பு ஃபெலோஷிப் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். அதில் நேரத்தைச் செலவிடாதே. ஆய்வுக்கும் பயிற்சிக்கும் போகிறவர்களுக்கான ஜே-1 விசாவில் அந்த அரசின் பணத்தில் போனால், பிறகு இரண்டு வருஷம் ஊரில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வரலாம். கையெழுத்துப் போடுமுன் கேட்டுக்கொள்.

அமெரிக்காவில் போஸ்ட்டாக்குகள் சொந்த ஆய்வகம் தொடங்க உதவும் கே99 என்ற உதவித்தொகையை இப்போதே மனதில் வை. வெளிநாட்டவரும் கேட்கலாம். போஸ்ட்டாக் அனுபவம் 4 வருஷத்தைத் தாண்டுவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதல் 2 வருஷம் வரை வழிகாட்டியின் கீழ், அதன்பின் 3 வருஷம் வரை உன் சொந்த ஆய்வகத்துக்கு. சொந்த ஆய்வகம் என்றால் சொந்தக் கேள்வி வேண்டும் அல்லவா? அதனால் நேர்காணலிலேயே கேட்டுவிடு: "இங்கிருந்து போகும்போது இந்த வேலையில் எதை நான் எடுத்துக்கொண்டு போகலாம்?" ஆய்வகத் தலைவர் பதில் சொல்லத் தயங்கினால், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் வேண்டாம் கண்ணு. அங்கே முன்பு இருந்த போஸ்ட்டாக்குகளிடமும் பேசு. இப்போது இருப்பவர்கள் மனம்விட்டுச் சொல்ல மாட்டார்கள், போனவர்கள் சொல்வார்கள்.

ஐரோப்பாவுக்கு, அங்குள்ள மூலக்கூறு உயிரியல் அமைப்பான எம்போ தரும் ஃபெலோஷிப் இருக்கிறது. 2 வருஷம் வரை கிடைக்கும், நாடு மாற வேண்டும்.

எனக்கு ஓர் ஆசை உண்டு, மறைக்கவில்லை. நவி மும்பை கார்கரில் டாட்டா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையின் ஆய்வு மையமான ஆக்ட்ரெக்கையும் பட்டியலில் சேர். வாய்ப்புற்றுநோய்த் திசு என் மேஜைக்கு வராத வாரமே கிடையாது. வெற்றிலை, புகையிலை போட்ட கூலிக்காரர்களுடையது நிறைய. அந்த நோயாளிகள் சிகிச்சைக்கு வரும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஆய்வு செய்வது பெரிய வாய்ப்பு. அதற்காக இங்கேயே இரு என்று சொல்லவில்லை. நீதான் முடிவெடுக்க வேண்டும்.

கல்யாணப் பேச்சு எடுப்பவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். டிக்கெட்டுக்கும் முதல் மாத வாடகைக்கும் பணம் எடுத்து வைத்திருக்கிறேன். அதை நினைத்து எந்த இடத்தையும் ஒதுக்கிவிடாதே. சரி, யார் யாருக்கு எழுதப் போகிறாய் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லு.

அன்புடன்,
அப்பா