காலைப் பார்க்காமல் எடையைப் பார்த்தார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், 'குண்டாக இருப்பவர்களுக்குத் தோல் புற்றுநோய் அபாயம் குறைவு' என்று ஒரு வரி வந்திருந்தது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

என் அம்மாவுக்குப் பருத்த உடம்பு. குதிகாலில் ஒரு கறுப்பு மச்சம் பரவ ஆரம்பித்ததும் காட்டப் போனோம். மருத்துவர் காலைப் பார்க்கவில்லை. "முதல்ல வெயிட்டைக் குறைங்கம்மா" என்றார். முட்டிவலிக்கும் அதே பதில், மூச்சிரைப்புக்கும் அதே பதில். அம்மாவால் குனிந்து தன் உள்ளங்காலைப் பார்க்கவும் முடியாது. மச்சம் புண்ணாகி ரத்தம் கசிந்த பிறகுதான் பயாப்சி எடுத்தார்கள். மெலனோமா என்ற தோல் புற்றுநோய். அதற்குள் தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. "முன்னாடியே காட்டியிருக்கலாமே" என்று கேட்டார்கள். காட்டினோம் ஐயா. அம்மா போய் மூன்று வருடமாகிறது.

தோல் புற்றுநோயில் சில வகைகள் பருமனானவர்களிடம் குறைவாகத் தெரிவதாகச் சில ஆய்வுகள் சொல்வது உண்மைதான். அவர்கள் வெயிலில் அதிகம் நடமாடாததும் அதற்குக் காரணமாகலாம் என்பது நீங்கள் அறியாததா? தசை எது, கொழுப்பு எது என்று பிரித்துச் சொல்ல, உயரத்தையும் எடையையும் வைத்துப் பருமனை அளக்கும் பிஎம்ஐ கணக்கால் முடியாது என்பதும் தெரிந்ததுதானே? சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் அதிக உடற்கொழுப்போடு தொடர்புள்ளவை என்று 13 புற்றுநோய்களைச் சொன்னது. மெலனோமா அந்தப் பட்டியலில் இல்லை. அதற்காகக் கொழுப்பு தோலைக் காக்கிறது என்று ஆகிவிடுமா?

இரண்டு வருடம் முன்பு 'கறுத்த தோலுக்குப் பயமில்லை' என்று எழுதினீர்கள். கறுத்தவர்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் வருகிறது. வெயில் அதற்கு முக்கியக் காரணமும் இல்லை. பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில்தான் தொடங்கியது. 1981-இல் இறந்தபோது அவருக்கு வயது 36. இதையெல்லாம் அப்போதே எழுதி அனுப்பினேன். பிரசுரிக்கவில்லை, பதிலும் இல்லை. பருமன் பற்றிய செய்தி என்றாலே தலையை வெட்டிவிட்டு வெறும் வயிற்றைப் படமாகப் போடுகிறீர்கள். அந்த வயிற்றுக்கு மேலே ஒரு முகம் இருக்கிறது. என் அம்மாவுக்கும் இருந்தது.

அடுத்த ஞாயிறு ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். புதிதாக வந்த, வடிவமோ நிறமோ மாறுகிற, ரத்தம் கசிகிற மச்சத்தைத் தோல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். குனிய முடியாதவர்களின் உள்ளங்காலை வீட்டிலிருப்பவர்கள் பார்த்துச் சொல்லட்டும். நான்கு வரி போதும்.

இப்படிக்கு,
பதினெட்டு ஆண்டுகளாக உங்கள் வாசகி