முதல் கோல் கேள்வியைத் திருத்துங்கள், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

பள்ளி வினாடி வினாவுக்கு நீங்கள் தொகுத்ததில் ஒரு கேள்வி: ‘உலகின் முதல் சர்வதேசக் கால்பந்து கோலை அடித்த இந்தியர் யார்?’ விடை, வில்லியம் கென்யன்-ஸ்லேனி. ஆள் சரி, கேள்விதான் தப்பு.

1847-இல் அவர் ராஜ்கோட்டில் பிறந்தது உண்மை. ஆனால் அப்பா ஆங்கிலேய ராணுவ அதிகாரி. குடும்பத்துக்கு வீடு இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில், பையன் படித்தது அங்கே ஈட்டன் பள்ளியில். பிறந்த ஊரை வைத்து இந்தியர் ஆக்கிவிட முடியாது.

அடுத்து, ‘அதிகாரபூர்வ’ என்று சேர்க்காவிட்டால் விவரம் தெரிந்த மாணவன் மடக்கிவிடுவான். 1870 முதல் 1872 வரை லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து பெயரில் ஐந்து ஆட்டங்கள் நடந்தன; கோலும் விழுந்தது. ஸ்காட்லாந்துக்கு ஆடியவர்களைப் பெரும்பாலும் லண்டன் வட்டாரத்திலேயே பிடித்துப் போட்டதால் அவை கணக்கில் வரவில்லை. கணக்கில் வரும் முதல் ஆட்டம் 1872 நவம்பர் 30, கிளாஸ்கோ. அதில் கோலே இல்லை. 1873 மார்ச் 8 அன்று ஓவலில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில்தான், தொடங்கிய சிறிது நேரத்திலேயே கென்யன்-ஸ்லேனி அடித்தார். இங்கிலாந்து 4-2 என்று வென்றது. அவர் கணக்கில் இரண்டு. இங்கிலாந்துக்காக அவர் ஆடிய ஒரே ஆட்டமும் அதுதான்.

ஸ்லைடில் வலை கட்டிய கோல் கம்பத்தைப் போட்டிருக்கிறீர்கள், எடுத்துவிடுங்கள். வலை வந்தது 1891-இல். குறுக்குக் கம்பமே 1882-இல்தான் கட்டாயமானது. அன்று இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு நாடா, அவ்வளவுதான். பந்து அதற்குக் கீழே போனால் கோல். ஒவ்வொரு கோலுக்கும் அணிகள் பக்கம் மாற வேண்டும். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் விடையைவிட ரசிப்பார்கள்.

விளக்கக் குறிப்பில் ‘டெல்-எல்-கெபிர் போரில் முன்னணியில் நின்றவர்’ என்பதும் நிற்காது. அவர் பிரிட்டிஷ் ராணுவத்தின் கிரெனேடியர் கார்ட்ஸ் படைப்பிரிவில் அதிகாரி. போர் நடந்தது எகிப்தில். 1882 செப்டம்பர் 13 அதிகாலை, பிரிட்டிஷ் தளபதி வோல்ஸ்லியின் படை இருட்டில், நட்சத்திரங்களை வைத்துத் திசை பிடித்துப் பாலைவனத்தில் நடந்துபோய், எகிப்தியத் தலைவர் உராபி பாஷாவின் பதுங்கு அரண்களைத் தாக்கியது. சண்டையின் கடும் பகுதி ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. அவர் பிரிவு அடங்கிய கார்ட்ஸ் பிரிகேடு இருந்தது இரண்டாம் வரிசையில், துணைக்கு. ‘போரில் பங்கேற்றார்’ என்று எழுதினால் போதும். 1886 முதல் 1908-இல் சாகும்வரை பழமைவாதக் கட்சி எம்.பி. என்பதை ஒரு வரியில் முடித்துக்கொள்ளலாம்.

இந்தியத் தொடர்புதான் வேண்டுமென்றால் இதைவிட நல்ல கேள்வி இருக்கிறது. அதே ஆட்டத்தில் ஸ்காட்லாந்தின் முதல் கோலை அடித்த ஹென்றி ரென்னி-டெய்லியர் பிறந்தது முசூரியில். அவரும் ராணுவ அதிகாரி, ராயல் எஞ்சினியர்ஸ். இப்படிக் கேளுங்கள்: ‘1873-இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து இரண்டுக்கும் முதல் அதிகாரபூர்வ சர்வதேச கோலை அடித்த இருவரும் எந்த நாட்டில் பிறந்தவர்கள்?’